நரம்புத் தளர்ச்சி

"என்னோடதை மட்டும் பத்து பவுண்டு தளர்த்திக் கட்டு. வெளியே தெரியக் கூடாது."

கடை மேஜையில் இரண்டு டென்னிஸ் மட்டைகள் கிடந்தன. ஒன்று அவருடையது, இன்னொன்று மகளுடையது. ஒரே எடை, ஒரே அளவு, ஒரே பிடி. சேர்த்து வாங்கியவரே அவர்தான். உறை மட்டும் வேறு. அவருக்குக் கறுப்பு, அவளுக்குச் சிவப்பு.

மட்டைகளுக்கு நரம்பு கட்டுகிறவர் என்பதால் கடைக்காரருக்கு நரம்பு டாக்டர் என்று பெயர் விழுந்திருந்தது. டாக்டர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு நிமிர்ந்தார்.

"நரம்புத் தளர்ச்சி வேணும்னு தேடி வந்த முதல் ஆள் நீங்கதாண்ணே. முழங்கை வலியா?"

"வலியெல்லாம் இல்ல. தோக்கணும்."

அவர் விஷயத்தைச் சொன்னார். மகள் பெரிய போட்டிக்குப் பெயர் கொடுக்க திங்கட்கிழமை கடைசி நாள். விண்ணப்பம் ஒரு வாரமாக அவள் கையெழுத்தில்லாமல் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அப்பாவை ஜெயித்தால்தான் கையெழுத்து, இல்லாவிட்டால் மட்டை பரண்மேல் என்று முடிவாகச் சொல்லிவிட்டாள். ஐந்து வருடத்தில் ஒரு தடவைகூட அவரை ஜெயித்ததில்லை. விட்டுக்கொடுக்கவும் வழியில்லை. போன மாதம் ஒரு பந்தை வேண்டுமென்றே வலையில் அடித்ததற்கு மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

டாக்டர் தாடையைச் சொறிந்தார். மட்டையின் தலைப் பக்கம் கனம் கூட்டலாம். அடி பலமாக விழும், ஆனால் ஆட்டம் முடிவதற்குள் தோள் கழன்றுவிடும். பிடியைத் தடிமனாக்கலாம், அது அவள் கண்ணில் பட்டுவிடும். நரம்பைத் தளர்த்துவதுதான் சரி என்று டாக்டருக்கும் பட்டது. கைக்குச் சுகமாக இருக்கும், பந்தும் எகிறிப் போகும். ஆனால் நினைத்த இடத்தில் விழாது. ஐம்பத்தாறு பவுண்டு இறுக்கத்தில் பழகிய கை நாற்பத்தாறில் அடித்தால் பாதிப் பந்து கோட்டுக்கு வெளியேதான்.

"நீங்க முழு மூச்சா ஆடுங்கண்ணே. தோக்குற வேலைய மட்டை பாத்துக்கும்."

நரம்பு கட்டி முடித்ததும் எத்தனை பவுண்டு என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மட்டையின் கழுத்தில் ஒட்டுவது டாக்டரின் வழக்கம். அது வேண்டாம் என்றார் அவர். ஒன்றில் ஒட்டி இன்னொன்றில் ஒட்டாவிட்டால் மகள் ஏனென்று கேட்பாள். அதனால் இரண்டிலுமே வேண்டாம். மகளுடையதை வழக்கம்போல ஐம்பத்தாறிலேயே கட்டச் சொன்னார். அவ்வளவு தூரம் யோசித்து வைத்திருந்தார்.

ஞாயிறு காலை. மைதானத்தில் வேறு யாரும் இல்லை. அவர் பெஞ்சில் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது மகள் இரண்டு உறைகளையும் உருவிப் போட்டுவிட்டு, ஒரு மட்டையை அவரிடம் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"இந்தாங்கப்பா. ஷூ மாட்டவே இவ்வளவு நேரமா? ஓடுறதுக்கு நாளைக்குத்தான் வருவீங்க போல."

முதல் பந்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒரு சாண் தள்ளி வெளியே விழுந்தது. டாக்டர் கைராசிக்காரர்தான் என்று நினைத்துக்கொண்டார்.

அவளும் ஆரம்பத்தில் தடுமாறினாள். அடித்த பந்துகள் நேரே போய் வேலியில் மோதின. பதற்றம் என்று அவர் நினைத்தார். தன் மட்டையை இரண்டு முறை திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவள் அடியே மாறியது. கையைக் கீழிருந்து மேலே இழுத்துப் பந்தைச் சுழலவிட்டாள். அது உயரப் போய், கோட்டுக்குச் சற்று உள்ளே சட்டென்று இறங்கி, அவர் தோள் மட்டத்துக்கு எழும்பியது. இப்படி அவள் ஆடி அவர் பார்த்ததில்லை.

அவர் ஒரு பந்தையும் விடவில்லை. தோற்கிற வேலைதான் மட்டையுடையதாயிற்றே. துரத்தினார், சறுக்கினார், சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு பந்து வெளியே போகும்போதும் உள்ளுக்குள் டாக்டருக்கு ஒரு நன்றி சொன்னார்.

ஆறுக்கு நாலு. மகள் ஜெயித்தாள்.

இருவரும் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். தண்ணீர் பாட்டில் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குப் போய் வந்தது. கடைசியில் அவள்தான் அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"வேணும்னே விட்டீங்களா?"

"ஒரு பந்துகூட விடல. சத்தியமா."

அந்தச் சத்தியத்தை இப்படித் தயங்காமல் செய்வதற்குத்தான் அவர் கடைப்படி ஏறியிருந்தார்.

அவள் இப்போது திரும்பி அவரை உற்றுப் பார்த்தாள். "நம்புறேன். நீங்க இப்படி மூச்சு வாங்கி நான் பாத்ததே இல்ல."

"அப்போ கையெழுத்து?"

"வீட்டுக்குப் போனதும் போட்டுடறேன்." சிவப்பு உறைக்குள் மட்டையை நுழைக்கப் போனவள் நிறுத்தினாள். "ஆனா அந்த நரம்பு டாக்டரை ரெண்டு வார்த்தை கேக்கணும்ப்பா. தூக்கத்துல கட்டினாரா என்னவோ, என் மட்டை தொளதொளன்னு இருக்கு. பந்தைச் சுத்திவிட்டுச் சுத்திவிட்டுக் கோட்டுக்குள்ள இறக்குறதுக்குள்ள உசிரு போயிடுச்சு."

அவர் மடியில் கிடந்த மட்டையின் நரம்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். இம்மிகூட அமுங்கவில்லை.