பிரிட்சர்ட் வீட்டுத் தாடிக்காரர்

"இவன்தான்! இந்தப் படுபாவிதான்!"

வேல்ஸிலிருந்து வந்த குவென்லியன் கிழவி, சுவரிலிருந்த தாடிக்காரரின் படத்தைப் பார்த்துக் கத்தினாள்.

கேக் வெட்டிக்கொண்டிருந்த நெலிடாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

வேல்ஸ்காரர்கள் கடல் தாண்டி வந்து குடியேறிய இந்தக் கைமான் ஊரில் தேநீர்க்கடை நடத்த வேண்டுமென்றால் சுவரில் ஒரு தாடிக்காரத் தாத்தா இருந்தே ஆக வேண்டும். முதல் கப்பலில் வேல்ஸிலிருந்து வந்தவர் என்று சொல்லிக்கொள்ளவும் வேண்டும். நெலிடா கடைத் தாத்தாவின் காலடியில் 'பிரிட்சர்ட்' என்று குடும்பப் பெயர் மின்னியது. எதிர்க்கடை எலுனெட் வீட்டுத் தாத்தாவும் பிரிட்சர்ட்தான். இந்தப் பள்ளத்தாக்கில் கல்லெறிந்தால் ஏதாவது ஒரு பிரிட்சர்ட் மண்டை உடையும்.

"ஆடு வாங்கிட்டு வரேன்னுதானேடா வீட்டைவிட்டுப் போன? கட்டின பொண்டாட்டியையும் நாலு பிள்ளைங்களையும் அம்போன்னு விட்டுட்டுக் கப்பலேறிட்டியே! என் கொள்ளுப்பாட்டி சாகுற வரைக்கும் உனக்கும் சேர்த்துச் சாப்பாடு எடுத்து வெச்சாளேடா!"

பக்கத்து மேசையில் இருந்த தேவாலயப் பாடகர் குழுப் பெண்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

நெலிடா அவசரமாக மனதுக்குள் கணக்குப் போட்டாள். அடுத்த வாரம், அந்த முதல் கப்பல் வந்திறங்கிய நாளைக் கொண்டாடும் விருந்து. ஊரே இந்தப் படத்தின் கீழே உட்கார்ந்துதான் தேநீர் குடிக்கப் போகிறது. ஆமாம் என்றால் ஓடுகாலியின் வம்சம். இல்லை என்றால் அதைவிடக் கேவலம்.

அந்தப் படம், சட்டம் அழகாக இருக்கிறதென்று அவள் மாமியார் பக்கத்து ஊரான ட்ரெலூவில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கியது.

நெலிடா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவளுக்குத் தெரிந்தது தேவாலயப் பாட்டில் கற்ற வெல்ஷ் மொழி மட்டும்தான். வசவில் பாதிதான் புரிந்தது, ஆனாலும் முழுசாக உறைத்தது.

திட்டித் தீர்த்த கிழவி நாற்காலியில் சரிந்து, விக்கி விக்கி அழுதாள்.

அதற்கு மேல் நெலிடாவால் தாங்க முடியவில்லை. இவ்வளவு பெரிய கடலைத் தாண்டி வந்தவள் யாரோ ஒருவனுக்கு முன்னால் அழுவதா? எலுனெட் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

"அம்மா, மன்னிச்சிடுங்க. இவர் எங்க தாத்தாவே இல்ல. கடையில வாங்கின படம்!"

அவள் உரக்கவே சொல்லிவிட்டாள். பாடகிகள் வாயைப் பிளந்தார்கள்.

கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு துண்டு கேக்கை எடுத்தாள். பிறகு நெலிடாவின் காதோரம் குனிந்தாள்.

"எனக்கு மட்டும் அவன் மூஞ்சி தெரியுமா பொண்ணே? தாடியும் பேரும்தான் தெரியும். பிரிட்சர்ட்னு பேர் போட்ட கடை ஒண்ணு விடாம ஏறி இறங்கித் திட்டிட்டு வரேன். ஏதாவது ஒண்ணுல அவன் இருக்கமாட்டானா?"

நெலிடா மிச்சமிருந்த கறுப்புக் கேக் முழுவதையும் பொட்டலம் கட்டிக் கிழவியின் கையில் வைத்தாள். கதவுவரை கூடவே போனாள்.

"எதிர்க்கடையை விட்டுடாதீங்கம்மா," என்றாள். "அங்க தாடி இன்னும் நீளம்."