ஒரே நூலில் எட்டுப் பாட்டு

“இதுக்குப் பேரு பாட்டா? யாரோ கதவைச் சாத்துறாங்க, யாரோ மூச்சு வாங்குறாங்க, நடுவுல மிக்ஸி ஓடுது!”

ஹெட்போனைக் கழற்றிச் சோபாவில் எறிந்தார் காதுக்காரர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளின் முகம் சுருங்கிப் போனது. அந்த ஆல்பம், அவருடைய பிறந்தநாளுக்கு அவள் ஆசையாய் வாங்கித் தந்தது.

நகரத்தின் பெரிய இசை அரங்கத்தில் அவர் சவுண்ட் இன்ஜினியர். கூட்டம் நிரம்பி வழிகிற நேரத்திலும் எந்த மைக் கரகரக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார். அதனால் வந்த பெயர்தான் காதுக்காரர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளிக்கே தெரியாது.

அந்த ஆல்பத்தைப் பாடியவளின் பழைய பாட்டென்றால் அவருக்கு உயிர். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அவளைத் தோளில் போட்டுத் தட்டியதெல்லாம் அந்தக் காதல் பாட்டுகளுக்குத்தான். இப்போது அந்தப் பாடகி பல்லவி இல்லாமல், தாளமும் பிடிபடாமல் என்னத்தையோ செய்து வைத்திருக்கிறாள். போதாக்குறைக்கு, அடுத்த வாரம் இதைத் தூக்கிக்கொண்டு அவருடைய அரங்கத்துக்கே வருகிறாள்.

“புடிக்கலைன்னா புடிக்கலைன்னு சொல்லுங்கப்பா. மிக்ஸின்னு எதுக்குச் சொல்றீங்க?”

எழுந்து போய்த் தன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள் மகள். அதோடு பேச்சு நின்றது. சாப்பாட்டு மேஜையில்கூட, “அந்த உப்பை அப்பாகிட்ட இருந்து வாங்கித் தாம்மா” என்று அம்மா வழியாகத்தான் எல்லாம்.

அரங்கத்திலும் நிம்மதி இல்லை. மேனேஜர் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்து நின்றார்.

“அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. இந்தப் புது இசை உங்களுக்கு ஒத்துவரலைன்னா, இந்த ஒரு நிகழ்ச்சிக்கு மட்டும் வேற ஆளைப் போட்டுடலாமா?”

“என்னைவிட இந்த அரங்கத்தைத் தெரிஞ்சவன் எவன்யா இருக்கான்?”

வாய் அப்படிச் சொல்லிவிட்டதே தவிர, மனசு கேட்கவில்லை. வயசாகிவிட்டதா? ஊரே கேட்டு உருகுகிற ஒன்று தனக்கு மட்டும் இரைச்சலாகக் கேட்கிறதென்றால், கோளாறு பாட்டிலா, தன்னிடத்திலா?

அன்றிலிருந்து வீம்புக்குக் கேட்கத் தொடங்கினார். பஸ்ஸில் கேட்டார், மதியச் சாப்பாட்டின்போது கேட்டார். முதலில் தலைவலிதான் மிச்சம். போகப்போக அந்தக் கதவுச் சத்தத்துக்குப் பின்னால் ஒரு காலி வீடு தெரிந்தது. மூச்சு வாங்குவது, யாரையோ தேடி மாடிப்படி ஏறும் ஒரு பெண் என்று புரிந்தது. ஒருநாள் பஸ்ஸிலேயே கண் கலங்கிவிட்டது. தூசி விழுந்தவர் மாதிரி துடைத்துக்கொண்டார்.

நேராக வீட்டுக்கு வந்து மகளின் அறைக்கதவைத் தட்டினார்.

“நான் சொன்னது தப்புடா கண்ணு. இவ சாதாரண ஆளு இல்ல. எட்டுப் பாட்டுக்கும் அடியில மெல்லிசா ஒரு ரீங்காரம் விட்டிருக்கா பாரு, அதுதான் என்னைக் கட்டிப் போட்டுடுச்சு. ஒரு பாட்டு முடிஞ்சு அடுத்தது ஆரம்பிக்கிறதுக்குள்ள ஒரு சின்ன இடைவெளி வருதுல்ல, அங்கதான் இன்னும் துல்லியமா கேட்குது. எட்டையும் ஒரே நூல்ல கோத்திருக்கா!”

மகள் அவரையே ஒரு கணம் பார்த்தாள். அப்பா தானாக இறங்கி வந்திருக்கிறார். அவள் முகம் மலர்ந்தது.

“ஆமாம்பா. சூப்பரா இருக்குல்ல?”

அன்றைக்கு உப்பு நேராகவே கைமாறியது.

நிகழ்ச்சிக்கு முந்தின நாள் பிற்பகல், மகளையும் அரங்கத்துக்கு அழைத்துப் போனார். ஆளில்லாத நாற்காலிகள் வரிசை வரிசையாகக் கிடந்தன. ஆல்பத்தைப் பெரிய ஸ்பீக்கரில் ஒருமுறை கேட்டுப் பார்த்துவிட்டால், நாளைக்குக் கை தானாக வேலை செய்யும் என்பது அவர் கணக்கு. மேனேஜரையும் விடவில்லை, பிடித்து இழுத்து வந்து பக்கத்தில் உட்காரவைத்தார்.

“இந்த அண்ணனுக்குப் புது இசை ஒத்துவருமான்னு கேட்டீங்கல்ல? இப்ப கேளுங்க.”

பின்வரிசையில் இருந்த சவுண்ட் கன்சோலில் ஆல்பத்தைப் போடச் சொல்லி மகளை அனுப்பிவிட்டு, நடு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மனசுக்குள் ஒரு படபடப்பு. இந்த வயசில் பரீட்சை எழுதுகிற மாதிரி இருந்தது.

மெல்ல, மிக மெல்ல, அந்த ரீங்காரம் எழுந்தது. நல்ல ஸ்பீக்கர் என்றால் நல்ல ஸ்பீக்கர்தான். பஸ்ஸில் கேட்டதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

“கதவுச் சத்தம் வர்றதுக்கு முன்னாடியே இதை ஆரம்பிச்சுடுறா பாருங்க. எவ்வளவு பொறுமை! நாளைக்கு இதை இன்னும் கொஞ்சம் தூக்கி விடுறேன், மொத்த அரங்கமும் அழப்போகுது.”

மேனேஜர் நாற்காலி நுனிக்கு நகர்ந்து உட்காரும் சத்தம் கேட்டது. சொக்கிப் போய்விட்டார் போலிருக்கிறது என்று காதுக்காரர் நினைத்துக்கொண்டார்.

மகளின் கை அவர் தோளில் வந்து விழுந்தது. அவர் கண்ணைத் திறக்காமலே அந்தக் கையைத் தட்டிக் கொடுத்தார்.

“அப்பா... ஸ்பீக்கரே இன்னும் ஆன் பண்ணலை. நான் இன்னும் பாட்டே போடலைப்பா.”