வல்லூறுப் பாறை

"அந்தப் பாறைகிட்ட ஒரு அடிகூடப் போக விடமாட்டேன். என்னைத் தள்ளிட்டுப் போங்க, பார்க்கலாம்."

இரண்டு கைகளையும் விரித்து ஒற்றையடிப் பாதையை மறித்து நின்றாள் ஒட்டிலி. உகாப் ஆற்றின் வறண்ட பள்ளத்தாக்குக்குப் பறவை பார்க்க வருகிறவர்களுக்கு முகாம் நடத்துகிறவளும் வழிகாட்டியும் அவள்தான். எதிரே கிரேமர், கைக்குழந்தையைப் போல நீண்ட லென்ஸை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"கிட்டப் போய் நாலு படம் எடுத்தா உன் வல்லூறு செத்தா போயிடும்?"

"அடைகாக்குற நேரம் சார். தாய் மிரண்டு பறந்துட்டா முட்டை வெயில்ல வெந்துடும். பல வருஷம் கழிச்சு இப்பதான் இங்க வந்து முட்டை வச்சிருக்கு. அந்தப் பாறைப் பிளவுப் பக்கம் யாரையும் விடமாட்டேன்."

எதிர்ப்பாறைக்கு மேலே வல்லூறு வட்டமடித்துக் கத்திக்கொண்டிருந்தது. சண்டை மும்முரத்தில் கிரேமர் லென்ஸை அதன் பக்கம் திருப்பவேயில்லை.

"உன் முகாமைப் பத்தி நாலு வரி எழுதினேன்னா, ஒரு ஈ காக்கா இங்க வராது."

"தாராளமா எழுதுங்க."

மாலையில் சமையல்கட்டில் அவள் தம்பி கோட்லீப் புலம்பினான். "ஏன்க்கா வம்பை விலைக்கு வாங்குறே? அந்த ஆளு எழுதினா முகாமை இழுத்து மூட வேண்டியதுதான்."

"மூடட்டும். வல்லூறுங்க குஞ்சு பொரிக்க முடியாத இடத்துல முகாம் எதுக்கு?" விரல்களில் அப்பியிருந்த செங்காவியைத் துடைத்தபடியே சொன்னாள். கோபம் வந்தால் அவளிடம் பேச முடியாது என்று அவன் அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டான்.

மறுநாள் எல்லோருக்கும் முன்பே எழுந்து உலாவிவிட்டு வந்தார் கிரேமர். நேற்றைய கடுகடுப்பு இருந்த இடம் தெரியவில்லை. வெயில் சுள்ளென்று ஏறிய பிறகும் தடித்த கோட்டை மட்டும் கழற்றவில்லை.

"வெறும் கஞ்சியும் காப்பியும்தானா? கோழி இந்தக் கத்து கத்துது, ஒரு முட்டைகூட இல்லையா?"

"இன்னிக்கு இல்ல சார்."

வண்டி கிளம்பத் தயாரானது. பின்னிருக்கையில் ஆணி அடித்தாற்போல் நிமிர்ந்து உட்கார்ந்த கிரேமர், கோட்டின் மேல் எதுவும் படாமல் பார்த்துக்கொண்டார். பிறகு ஜன்னல் வழியே சிரித்தார். "நீதான் ஜெயிச்சே. யாரையும் அந்தப் பாறைகிட்ட விடல. சந்தோஷமா?"

ஒட்டிலி குனிந்து ஜன்னலில் கை வைத்தாள்.

"ரொம்ப சந்தோஷம் சார். கண்ணு முன்னால பறக்கிற பறவையைப் படமெடுக்காதவர் எதுக்கு வந்திருப்பார்னு எனக்குத் தெரியாதா? வல்லூறு கூடு எதிர்ப்பாறையில பத்திரமா இருக்கு. அந்தப் பிளவுலேர்ந்து எடுத்து உங்க கோட்டுக்குள்ள வச்சிருக்கிறது எங்க கோழி போட்டது, சிவப்புப் புள்ளி நான் வச்சது."

கிரேமரின் கை தானாகவே நெஞ்சுக்குப் போனது.

"வேக வச்சதுதான், உரிச்சுச் சாப்பிடுங்க."