பேச்சு மூச்சில்லாத வீடு

"நூற்றுக்குப் பதினெட்டு!"

விடைத்தாளை மேஜைமேல் விசிறிப் போட்டார் கணக்கு விரிவுரையாளர் வாசுபூஜ்யன். எதிரே பி.யு.சி. மாணவன் செல்லப்பன் தலையைத் தொங்கப்போட்டு நின்றான்.

"எஸ்.எஸ்.எல்.சி.யில செஞ்சிக்கே முதல்ல வந்தவன்டா நீ! இப்ப என்ன கேடு வந்துது? காதலா?"

"ஐயையோ, இல்ல சார்."

"சினிமாக் கொட்டகையா?"

"அந்தப் பக்கமே போறதில்ல சார்."

"பின்னே?"

செல்லப்பன் குரலைத் தாழ்த்தினான். "வீட்ல நைனாவும் அம்மாவும் பேசிக்கிறதில்ல சார். ஆடி மாசத்திலேர்ந்து ஒரு வார்த்தை கிடையாது. அம்மா பொறந்த வீட்டுக்கே போயிடுமோன்னு பயமா இருக்குது. புத்தகத்தைத் தொறந்தா எழுத்தே தெரியல."

வாசுபூஜ்யனுக்கு ரத்தம் கொதித்தது. பெற்றவர்களா இவர்கள்! தங்கமான பிள்ளையை இப்படியா பாழடிப்பார்கள்? ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

ஞாயிறு காலை செஞ்சியில் சைக்கிளை எடுத்தவர், சிங்கவரத்தில் செல்லப்பன் வீட்டு வாசலில்தான் இறங்கினார். பையன் புல்லறுக்கப் போயிருந்தான். அதுவும் நல்லதுதான். அவன் எதிரில் திட்ட முடியாதே.

வாசலில் மல்லாட்டையை உடைத்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த அப்பா கலியபெருமாள் பதறி எழுந்து கயிற்றுக் கட்டிலைத் தட்டிப் போட்டார். பிறகு, கட்டியிருந்த பசுமாட்டைப் பார்த்து, "காலேஜ் வாத்தியார் வந்திருக்காரு. மோர் வேணும்" என்றார்.

உள்ளேயிருந்து குஞ்சம்மாள் எட்டிப் பார்த்து அதே மாட்டுக்குப் பதில் சொன்னாள்: "மோரு புளிச்சிருக்குது. பானகம் கரைக்கிறேன்."

மாடு யார் பக்கமும் சாயாமல் அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"நிறுத்துங்க!" என்று கத்தினார் வாசுபூஜ்யன். "ரெண்டு பேரும் இங்க வாங்க. பிள்ளை கணக்குல பதினெட்டு மார்க். யாரால? உங்களால! உங்களுக்குள்ள ஆயிரம் இருக்கட்டும். அதுக்குப் பிள்ளையோட படிப்பா பலி?"

குஞ்சம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"அவன் படிக்கணும்னுதான் சார் பேசாம கெடக்கறோம்."

"என்னது?"

"நாங்க வாயைத் தொறந்தா சண்டைதான் சார்" என்றார் கலியபெருமாள். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அப்படித்தான். தெருவே கூடிடும். இந்தக் கூச்சல்ல காலேஜ் படிப்பு எப்படிப் படிப்பான்? அதான் அவன் சேர்ந்ததும் ரங்கநாதர் சன்னதியில சூடம் அணைச்சி சத்தியம் பண்ணிக்கினோம். பரீட்சை முடியிற வரைக்கும் பேச்சே கிடையாதுன்னு."

"அவன்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா, நமக்காக வாயைக் கட்டிக்கினாங்களேன்னு அதுக்கு வேற உருகுவான் சார்" என்றாள் குஞ்சம்மாள். "எனக்குத் தொண்டை வரைக்கும் வார்த்தை ரொம்பிக் கெடக்குது."

குஞ்சம்மாள் உள்ளே போய்ப் பானகம் கரைத்துக்கொண்டு வந்தாள். வாசுபூஜ்யன் அதை வாங்கிக் குடித்துவிட்டு மெல்லச் சொன்னார்.

"தயவுசெய்து பேசுங்க. இப்பவே."

"சாமி குத்தம் ஆயிடாதா?"

"பையன் படிப்புக்காகப் பண்ணின சத்தியம்தானே? அதே படிப்புக்காகத்தான் உடைக்கச் சொல்றேன். சாமி கோவிச்சுக்காது."

கலியபெருமாள் பெண் பார்க்க வந்தவர்போல வெட்கத்தோடு மனைவியைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"மோரு ஏண்டி புளிச்சுது?"

"ஏன் புளிக்காது? மோர்ப்பானைக்குக் காத்தாட உறி கட்டித் தாய்யான்னு கேட்டு எத்தினி மாசம் ஆவுது?"

"என்கிட்டயா கேட்ட? மாட்டுகிட்ட கேட்ட!"

"மாட்டுக்கே புரிஞ்சுது, உனக்குப் புரியலியா?"

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பக்கத்து வீட்டிலிருந்து மூன்று தலைகள் எட்டிப் பார்த்தன. என்ன காரியம் செய்தோம் என்று வாசுபூஜ்யன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நழுவினார்.

தெருமுனையில் தலையில் புல்லுக்கட்டோடு செல்லப்பன் நின்றுகொண்டிருந்தான். வீட்டுக் கூச்சல் அங்கே வரைக்கும் கேட்டது. பையனுக்குக் கண் கலங்கியிருந்தது.

வாசுபூஜ்யன் அவசரமாகச் சைக்கிளை நிறுத்தினார். "செல்லப்பா, அது வந்து..."

புல்லுக்கட்டைத் தொப்பென்று கீழே போட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டான் அவன்.

"ராசியாயிட்டாங்க சார்!"