மைக் இல்லாத பச்சைக் கோடு

“மைக்கே சொருகலையேக்கா. பெறகு எப்படி இந்தப் பச்சைக் கோடு ஆடுது?” என்றான் கம்ப்யூட்டர் பழுதுபார்க்க வந்த சூரியபிரகாஷ்.

“அது தெரிஞ்சா ஒன்னைய எதுக்குக் கூப்புடுறேன்?” என்றாள் விஜி.

திரையில் சவுண்டு செட்டிங் திறந்திருந்தது; மைக்கில் விழும் சத்தத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும் கோடு அதில் இருந்தது. கோடு இரண்டு முறை சட்டென்று எழுந்து தணிந்தது. மூன்றாம் முறை எழுந்து வெகுநேரம் நின்றது. மணி ஐந்தே கால்.

விஜியின் கணவன் வேல்பாண்டி ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டினான். மாலையில் இதே நேரத்துக்குக் குமுளி மலை இறங்கிக் கூடலூருக்குள் நுழைந்ததும் ஹாரனை அப்படித்தான் அடிப்பான்: இரண்டு முறை சட்டென்று, மூன்றாம் முறை நீளமாக. அவள் டீக்குத் தண்ணீர் வைப்பாள். போன ஆனியில் ஜீப் பள்ளத்தில் உருண்டு அவன் இறந்துபோனான். இந்தக் கம்ப்யூட்டரை வாங்கியது ஆவணியில்.

“மொத நாளு பொட்டு மாதிரிதான் தெரிஞ்சுச்சு. தெனமும் ஒசந்துக்கிட்டே வருது.”

சூரியபிரகாஷ் மைக்கின் அளவைச் சுழியத்துக்கு இறக்கினான். கோடு மறுபடி எழுந்து உச்சியிலிருந்த சிவப்பைத் தொட்டது. ஸ்பீக்கரில் சத்தமில்லை. தெருவிலும் இல்லை.

“சவுண்டு கார்டைக் கழட்டிட்டா நின்னுரும்க்கா.”

விஜி அவன் கையைத் தடுத்தாள்.

“கழட்டாத தம்பி. அவுக இம்புட்டுத் தூரம் வந்துட்டாக. எனக்குக் கேக்குற மாதிரி மட்டும் வச்சுக் குடு.”