தீராத வயிற்றுவலி

பிரேதப் பரிசோதனையை முடித்துவிட்டு டாக்டர் கை கழுவினார்.

“மூட்டைப்பூச்சி மருந்து குடிச்சிருக்குது இந்தப் பொண்ணு. வயித்துல வேற நோவே இல்ல. முதுகெல்லாம்தான் தழும்பு.”

“தீராத வயித்துவலின்னு புருஷனே சொல்லிட்டான் சார். அப்படியே எழுதிட்டேன்” என்றார் ஏட்டு காசிநாதன்.

“போன மாசம் செத்தவளுக்கும் வயித்துவலிதான். ஏம்பா, இந்த ஊர்ல ஆம்பளைங்களுக்கு வயிறே கெடையாதா?”

“கோயில் ஊராச்சே சார்! பொம்பளைங்களுக்குத்தான் விரதம் ஜாஸ்தி!” ஏட்டு சிரித்தார்.

ஏட்டு வீட்டுக்கு வந்தபோது அடுப்பு எரியவில்லை. மனைவி தேவகி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். காலையில் அவர் பெல்ட்டால் அடித்த தோள் வீங்கியிருந்தது.

“இன்னாடி, விளக்கு வைக்கிற நேரத்துல படுத்துக்கினு கெடக்குற?”

“வயித்துவலி” என்றாள்.

ஏட்டு பாய்ந்துபோய், மாடத்திலிருந்த மூட்டைப்பூச்சி மருந்து பாட்டிலை எடுத்து ஆட்டிப் பார்த்தார்.