விளையாடிக்கொண்டே கற்போம்

“வேற ஸ்கூல் பாத்துக்கோங்கம்மா” என்று பள்ளியை நடத்தும் கோமளம் மேடம் சொல்லிவிட்டார்.

ருக்ஸார் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவள் மகள் ஆயத்தோ, யார் வீட்டுப் பஞ்சாயத்தோ நடக்கிறது என்பதுபோல, ஷூவின் பட்டையைப் பிரிப்பதும் ஒட்டுவதுமாக இருந்தாள்.

எல்.கே.ஜி. சேர்ந்த நாளிலிருந்து பள்ளிக்கூடத்துக்குள் ஆயத் வாயைத் திறப்பதில்லை. பெயர் கூப்பிட்டால் எழுந்து நிற்பாள். பாத்ரூம் என்றால் விரலைக் காட்டுவாள். கை அசையும், கால் அசையும், வாய் மட்டும் அசையாது.

வாயில் என்ன கொழுக்கட்டையா என்று மேடம் அதட்டியும் பார்த்துவிட்டார், கொஞ்சியும் பார்த்துவிட்டார்.

“வூட்ல இவ வாய மூட முடியல மேடம். ஸ்கூல் கேட்டத் தாண்டுனதும் ஆட்டோலயே ஆரம்பிச்சுடுவா. இங்க வந்தா இன்னா ஆவுதுன்னே தெர்ல.”

இதை ருக்ஸார் எத்தனை தடவைதான் சொல்வாள். யார் நம்பினார்கள்?

வகுப்பாசிரியை மானசா நம்பினாள். கதவோரம் நின்றுகொண்டிருந்த அவளுக்கு எரிச்சலாக இருந்தது. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அந்தக் கண்ணாடி அலமாரியைத் திறந்துவிடுங்கள், குழந்தை கொஞ்ச நேரம் விளையாடட்டும், தானாகப் பேசுவாள்.

“அப்புறம் எழுதறது யாரு?” என்று மேடம் அந்தப் பேச்சை அன்றே முடித்துவிட்டார்.

அலமாரியில் என்னதான் இல்லை. மரக்கட்டைகள், டாக்டர் செட், சொப்புச் சாமான், மஞ்சள் கெட்டிலோடு ஒரு டீ செட். சாவி மேடத்தின் கைப்பையில். ஃபோட்டோ எடுக்கும் நாளில் மட்டும் அது வெளியே வரும்.

பாயை விரித்துச் சாமான்களைப் பரப்புவார்கள். பிள்ளைகள் பாய்ந்து எடுப்பார்கள். அப்போதுதான் விளையாட்டு சூடு பிடிக்கும். மேடம் செல்போனைத் தூக்கிப் பிடித்து, “யாரும் அசையக்கூடாது, பேசக்கூடாது, ஸ்டாச்சு!” என்று கத்துவார்.

மாமல்லபுரத்தில் இருக்கிற சிலைகள் போதாதாம்.

ஃபோட்டோ விழுந்ததும் மேடம் அதைப் பெற்றோர் குரூப்பில் போடப் போய்விடுவார். ஆயாம்மா வந்து, உடைந்துவிடும் என்று ஒவ்வொரு கையிலிருந்தும் பிடுங்கி உள்ளே வைப்பார். இன்னும் ஒரே கட்டை வைத்தால் கோபுரம் முடிந்துவிடும் என்கிறபோதுதான் சரியாக வருவார். பிறகு சிலேட்டு. ஸ்டாண்டிங் லைன், ஸ்லீப்பிங் லைன். மானசாவுக்கு அந்தக் கோடுகளைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

பள்ளியில் ஆயத்தின் குரலைக் கேட்டவள் மானசா ஒருத்திதான். முதல் நாள், முதல் ஃபோட்டோவுக்குக் கொஞ்சம் முன்பு. மஞ்சள் கெட்டிலை அவள் கோப்பையில் சாய்த்துக்கொண்டே, “டீச்சர், சூடா கீது, ஊதிக் குடிங்க” என்றாள் ஆயத். மானசா ஊதக்கூடச் செய்தாள். அதற்குள் மேடம் கத்திவிட்டார்.

இதைச் சொன்னால், உனக்குப் பிரமை என்றார் மேடம்.

அன்று எடுத்த ஃபோட்டோதான் இப்போது வாசலில் ஃபிளெக்ஸாகத் தொங்குகிறது. ஆயத் டீ ஊற்றுகிறாள், மானசா கோப்பையை நீட்டுகிறாள், மேலே ‘விளையாடிக்கொண்டே கற்போம்’. கல்பாக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் எல்லோரும் பார்க்கிறார்கள். அந்தக் குழந்தையைத்தான் வேண்டாம் என்கிறார்கள்.

ருக்ஸார் எழுந்தாள். புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மகளின் கையைப் பிடித்தாள். மானசாவைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

“மேடம், ஒரு வாரம் பார்க்கலாமே” என்றாள் மானசா. அவளுக்கே தன் குரல் கெஞ்சலாகக் கேட்டது. அதில் இன்னும் கோபம் வந்தது.

மேடத்தின் செல்போன் அடித்தது. பள்ளிக்கு விளம்பர வீடியோ எடுக்கிற மோசஸ். அட்மிஷனுக்கு முன்னால் வெளியிட வேண்டுமாம். பேச்சு விட்டுவிட்டுக் கேட்டது போலிருக்கிறது, மேடம் கத்த ஆரம்பித்தார்.

“நல்லா வந்திருக்கு மோசஸ், பண்ணிடுங்க. கேக்கலையா? ரிலீஸ்! ரிலீஸ்!”

வாசற்படியில் ஆயத் நின்றாள்.

தோள் இரண்டும் தளர்ந்து இறங்கின. பெரிய மூச்சு ஒன்று விட்டாள். அம்மாவின் கையை உதறிவிட்டு மானசாவிடம் ஓடி வந்து அவள் துப்பட்டாவை இழுத்தாள்.

“டீச்சர், டீ ஆறிப்போச்சு. வேற ஊத்தட்டா?”

ருக்ஸாரின் தோளிலிருந்து பை நழுவி விழுந்தது.

மானசாவுக்கு அப்போதுதான் புரிந்தது. ஸ்டாச்சு சொன்னவர் வாயாலேயே ரிலீஸும் வர வேண்டும். தெருவில் விளையாடுகிற எந்தக் குழந்தைக்கும் தெரிந்த சட்டம் அது. மற்ற பிள்ளைகள் மேடம் திரும்பியதும் ஓடிவிட்டார்கள். இவள் ஒருத்திதான் ஒழுங்காக விளையாடியிருக்கிறாள். கையையும் காலையும் எவ்வளவு நேரம்தான் அசைக்காமல் வைத்திருக்க முடியும்? வாயையாவது பள்ளிக்குள் இத்தனை நாள் காப்பாற்றி வைத்திருக்கிறாள்.

அலமாரி பூட்டியிருந்தது. மானசா மண்டியிட்டு, உள்ளங்கையைக் குவித்து நீட்டினாள். ஆயத் இல்லாத கெட்டிலைச் சாய்த்தாள்.

“அய்யோ, பேசறாளே!” மேடத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. செல்போனைத் தூக்கிப் பிடித்தார். “குரூப்ல போட்டுடலாம். அப்படியே இருங்க, யாரும் அசையாதீங்க, ஸ்டா...”

மானசா பாய்ந்து அவர் வாயைப் பொத்தினாள்.